நாய் இழுக்காமல் நடக்க: சோக் செயினா, பாடி பெல்ட்டா, தீனியா?

லாப்ரடார் குட்டிக்கு எட்டு மாதம் தாண்டியதும் பல வீடுகளில் இந்தப் பேச்சு வந்துவிடும்: "இனிமே இத யாரு வாக்கிங் கூட்டிட்டுப் போறது?" அதுவரை பள்ளிக்கூடப் பையன் பிடித்துக்கொண்டு போன குட்டி இப்போது 25 கிலோவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. கேட்டைத் திறந்ததும் முன்னங்கால் தரையில் பாவாமல் இழுக்கிறது. வீட்டுக்காரருக்கு ஓசூர் கம்பெனியில் காலை ஷிப்ட். விடிவதற்குள் பஸ் ஏறிவிடுகிறார். மிச்சம் இருப்பது வீட்டம்மா, மாமியார், ஒன்பதாவது படிக்கும் பையன். கடைக்குப் போய் "ரொம்ப இழுக்குதுங்க, ஏதாவது குடுங்க" என்று கேட்டால், கடைக்காரர் எடுத்து வைப்பது பெரும்பாலும் கழுத்தில் இறுகும் சோக் செயினைத்தான்.

அதை வாங்குவதா, நெஞ்சைச் சுற்றி மாட்டும் பாடி பெல்ட் வாங்குவதா, எதுவும் வாங்காமல் தீனி கொடுத்துப் பழக்குவதா, ஆள் வைத்துப் பழக்குவதா? கிருஷ்ணகிரிப் பக்கம் நாய் வளர்க்கிறவர்கள் சந்தித்தால் இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது. எது சீக்கிரம் பலன் தரும் என்று மட்டும் பார்த்து முடிவெடுப்பது சரியில்லை என்பது என் எண்ணம். வீட்டில் கயிறு பிடிக்கப்போகிறவர்களில் யாருக்குக் கைப்பலம் குறைவோ, அவர் பிடித்தாலும் அந்த வழி பலிக்குமா என்று பாருங்கள். அப்பா பிடித்தால் ஒழுங்காக நடந்து, பாட்டி பிடித்தால் இழுத்துத் தள்ளுகிற நாய் இன்னும் பழகவில்லை என்றே அர்த்தம்.

இழுப்பது எதனால்?

நம்மை அடக்கி ஆள நினைத்து நாய் இழுப்பதில்லை. அதன் இயல்பான நடையே நம் நடையைவிட வேகம். தெருவில் ஒவ்வொரு மின்கம்பத்திலும் அதற்குச் சேதி இருக்கிறது. இழுத்தால் அந்தக் கம்பம் கிட்டே வருகிறது. இழுத்ததும் நாம் கையை நீட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறோம். "இழு, கிடைக்கும்" என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது நாம்தான். இன்னொன்று, கழுத்தில் பின்பக்கமாக அழுத்தம் வந்தால் பெரும்பாலான நாய்கள் அதை எதிர்த்து முன்னால் தள்ளும். நாம் இழுக்க இழுக்க அதுவும் இழுக்கும். ஆகவே எந்த வழியை எடுத்தாலும் ஒன்று மாறாது: கயிறு விறைத்திருக்கும்போது நாய்க்கு ஓர் அடிகூட முன்னேற்றம் கிடைக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று எங்கள் ஊர்களில் உண்டு. பகல் முழுக்கக் கட்டிப்போட்டுவிட்டு, சாயங்காலம் பத்து நிமிடம் அவிழ்த்துக்கொண்டு போகிறோம். அந்தப் பத்து நிமிடத்தில் நாள் முழுக்க அடைபட்டிருந்தது எல்லாம் சேர்ந்து வெளியே வருகிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவில், எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி தராமல் விடுவதையே கொடுமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. அளவுக்கு மீறிக் குட்டையான, கனமான சங்கிலியில் நீண்ட நேரம் கட்டுவதும் அதே பிரிவில் வருகிறது. வாக்கிங் கிளம்புவதற்கு முன் காம்பவுண்டுக்குள்ளோ மாடியிலோ கொஞ்ச நேரம் அவிழ்த்து விட்டு ஓடவிடுங்கள். இந்த ஒன்றிலேயே பாதி இழுப்பு குறைகிற நாய்கள் இருக்கின்றன. அப்புறம்தான் மற்ற வழிகள்.

சோக் செயின்

இழுத்தால் இறுகும், விட்டால் தளரும். நாய் முந்தும்போது ஒரு வெட்டு வெட்டி இழுக்கச் சொல்வார்கள். உடனே பலன் தெரிகிற வழி இது, அதனால்தான் விற்கிறது. நானும் பலன் தெரியாது என்று சொல்லவில்லை. அந்தப் பலனுக்கு நாய் என்ன விலை கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கழுத்தின் முன்பக்கத்தில் மூச்சுக்குழாய் இருக்கிறது. சங்கிலி வெட்டி இறுகுவது அதன்மேல்தான். கழுத்துப் பெல்ட்டை இழுக்கும்போது நாயின் கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது, பாடி பெல்ட்டில் அப்படிக் கூடுவதில்லை என்று 2006-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சாதாரணப் பெல்ட்டுக்கே இந்தக் கதை. பக், ஷிட்ஸு மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு மூச்சு வாங்குவதே பாடு. அவற்றின் கழுத்தில் இறுகும் எதையும் மாட்டக் கூடாது.

எனக்கு இதைவிடக் கவலை தருவது வேறு. வலி வரும் நேரத்தில் நாயின் கண் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ, அதோடு வலியைச் சேர்த்துவிடும். சைக்கிளில் வரும் குழந்தையைப் பார்த்து ஆர்வமாக முன்னால் போகிறது, நாம் வெட்டி இழுக்கிறோம். நாம் நினைக்கும் பாடம் "இழுக்காதே". அது படிக்கும் பாடம் "சைக்கிள் வந்தால் கழுத்து வலிக்கும்". கொஞ்ச நாளில் சைக்கிளைப் பார்த்தாலே குரைக்கும், பாயும். "முன்னாடி இப்படி இல்லையே" என்று வீட்டில் குழம்புவார்கள். போர்ச்சுகலில் பயிற்சிப் பள்ளிகளுக்குப் போகும் 92 வீட்டு நாய்களை வைத்துச் செய்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், தண்டித்துப் பழக்கிய நாய்களிடம் மன அழுத்தத்தின் அறிகுறிகளும், பயிற்சிக்குப் பிறகு எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவும், பரிசு கொடுத்துப் பழக்கிய நாய்களைவிட அதிகமாக இருந்தன. முள் பெல்ட்டுக்கும் இதே வாதம் பொருந்தும். ஷாக் அடிக்கும் பெல்ட்டை வேல்ஸ் நாடு 2010-இலேயே தடை செய்துவிட்டது.

இனி கைப்பலக் கணக்குக்கு வருவோம். சோக் செயினில் எல்லாமே அந்த ஒரு வெட்டின் வேகத்திலும் நேரத்திலும் இருக்கிறது. அறுபது வயதைத் தாண்டியவருக்கு அந்த வேகம் வராது. பையனுக்கு வேகம் இருக்கும், எந்த நொடியில் தளர்த்துவது என்பது தெரியாது. தளர்த்தாமல் பிடித்துக்கொண்டே போனால், நாய் முழு நேரமும் கழுத்து நெரிபட்டு கர்கர் என்று இருமிக்கொண்டே இழுக்கும். தெருவில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. எனவே என் பட்டியலில் இது கிடையாது.

நின்றுவிடுவதும் திரும்பிவிடுவதும்

செலவில்லாத வழிகள் இவை இரண்டும். முதல் வழியில், கயிறு விறைத்ததும் நின்றுவிடுவீர்கள். திட்டுவதில்லை, இழுப்பதில்லை. நாய் திரும்பிப் பார்த்தோ, ஓர் அடி பின்னால் வந்தோ கயிறு தளர்ந்தால் நடை தொடரும். இரண்டாவது வழியில், விறைத்ததும் மறுபக்கம் திரும்பி நடப்பீர்கள்; நாய் பிடித்து வந்து பக்கத்தில் சேர்ந்துகொள்ளும்.

நிற்கும் வழிக்குப் பலம் தேவையில்லை, பொறுமை வேண்டும். இதில் இடறுவது அவசரத்தில்தான். பள்ளிக்கூட வேன் வருவதற்குள் நாயை வெளிக்குப் போகவைத்துக் கூட்டி வர வேண்டும் என்று கிளம்பினால், நாலு முறை நின்றுவிட்டு ஐந்தாம் முறை "போ, தொலை" என்று விட்டுக்கொடுத்துவிடுவோம். எப்போதாவது பலிக்கிற வித்தையை விலங்குகள் அவ்வளவு லேசில் கைவிடுவதில்லை. எப்போதும் பலித்து வந்தது நின்றுபோனால் சீக்கிரம் மறந்துவிடும். அவ்வப்போது பலிப்பதைப் பிடிவாதமாகச் செய்துகொண்டே இருக்கும். அதனால் அரைகுறையாக நிற்பது, நிற்காமலே இருப்பதைவிட மோசம். அவசரமான நாளில் இந்தப் பயிற்சியைத் தொடாதீர்கள். அன்றைக்கு வேறு பெல்ட் மாட்டி, கூடுமானவரை சமாளித்துக் கூட்டி வந்துவிடுங்கள். பயிற்சிக்கு ஒரு பெல்ட், அவசரத்துக்கு ஒரு பெல்ட் என்று பிரித்து வைத்தால் நாய்க்கும் வித்தியாசம் புரிந்துவிடும்.

திரும்பும் வழி, துறுதுறுவென்று ஓடும் நாய்களுக்கு நன்றாக ஒத்துவரும். நின்றால் இன்னும் கொதித்துக் குரைக்கிற நாய், திரும்பி நடந்தால் கவனத்தை நம் பக்கம் கொண்டுவரும். ஆனால் இதற்கு இடம் வேண்டும். நம் தெருக்களில் ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் நிறுத்தி வைத்த பைக்குகள், நடுவில் பால் வண்டி. நடைபாதை என்று ஒன்று கிடையாது. பெங்களூரு சாலையிலோ ராயக்கோட்டை சாலையிலோ போய் சட்டென்று திரும்பினால் பின்னால் வருகிற வண்டிக்காரர் என்ன செய்வார்? மூட்டுவலி உள்ளவர்களுக்கும் அடிக்கடி திரும்புவது கஷ்டம். மைதானமோ ஏரிக்கரையோ கிடைத்தால் இதைச் செய்யலாம். தெருவுக்கு நிற்கும் வழிதான் ஒத்துவரும்.

இரண்டிலும் உள்ள பொதுவான குறை, எது தப்பு என்று மட்டும் சொல்கின்றன. எது சரி என்று நாய் தானாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கண்டுபிடிக்கும்தான், நாள் பிடிக்கும்.

தீனி

நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். பலரும் நினைப்பது போல தீனியைக் காட்டி ஆசை காட்டிக் கூட்டிப் போகிற வேலை இல்லை இது. தீனி பையிலோ மடியிலோ மறைந்திருக்க வேண்டும். நாய் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் கயிறு தொய்ந்து வருகிற அந்தக் கணத்தில் "சபாஷ்" என்றோ வேறேதாவது ஒரு சொல்லையோ சொல்லி, அப்புறம் கையைப் பைக்குள் விட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். கையில் முதலிலேயே தீனி தெரிந்தால் நாய் கையைப் பின்தொடரும், நடையைக் கற்றுக்கொள்ளாது.

எங்கே கொடுக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். முன்னால் நீட்டிக் கொடுத்தால் நாய் முன்னால் வந்து குறுக்கே நிற்கும். உங்கள் காலை ஒட்டி, கொஞ்சம் பின்னால் தள்ளிக் கொடுங்கள். அந்த இடத்தில்தான் நல்லது கிடைக்கிறது என்று அதன் உடம்பே அந்த இடத்தைத் தேடி வரும். முதலில் ஓர் அடிக்கு ஒன்று, இரண்டு அடிக்கு ஒன்று என்று தாராளமாக இருங்கள். அது பழகிய பிறகு ஐந்து அடி, பத்து அடி, அடுத்த வீட்டுக் கேட் வரை என்று நீட்டுங்கள். நீட்டும்போது ஒரே சீராக நீட்டாமல், சில முறை சீக்கிரமும் கொடுத்தால் நாய் ஆர்வம் குறையாமல் வரும்.

என்ன தீனி? கடைப் பொட்டலம் வேண்டியதில்லை. கோழி ஈரலை உப்பு, வெங்காயம், பூண்டு, மசாலா எதுவும் போடாமல் வேகவைத்து, சுண்டல் கடலை அளவுக்கு நறுக்கி வைத்தால் அதை மிஞ்சிய பொருள் இல்லை. ஈரலை மட்டுமே தினமும் நிறையக் கொடுக்கக் கூடாது. கோழிக்கறித் துண்டும் முட்டையும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். சைவ வீடுகளில் பனீர், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கேரட். உப்பில்லாமல் வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலையும் சிலது கொடுக்கலாம். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. வீட்டுக்குள் பழகும்போது ராகி களி உருண்டையே போதும். தெருவுக்கு வந்ததும் களியைத் திரும்பிப் பார்க்காது, அங்கே ஈரல்தான் வேண்டும். சுற்றிலும் கவர்ச்சி கூடக் கூட, தீனியின் தரமும் கூட வேண்டும் என்பதே கணக்கு. கொடுத்த அளவை ராத்திரிச் சாப்பாட்டில் குறைத்துவிட்டால் உடம்பு போடாது.

"தீனி இல்லாட்டி வராதே?" என்பது எல்லோரும் கேட்பது. தீனி கடைசிவரை தேவைப்படுவதில்லை. நடை பழகிய பிறகு அந்த மின்கம்பமே கூலியாகிவிடும். கயிறு தொய்ந்திருக்க நாலு வீடு நடந்து வந்தால், "போ, மோந்துக்கோ" என்று கயிறை நீட்டிவிட்டு, ஆசை தீர மோந்து பார்க்க விடுங்கள். மோந்து பார்ப்பது நாய்க்குத் தீனிக்குச் சமமான சந்தோஷம். அவசரமாக இழுத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் சுற்றுவதைவிட, நிதானமாக மோந்து மோந்து பாதி தூரம் போய்வந்த நாய்தான் வீட்டுக்கு வந்ததும் நிம்மதியாகப் படுக்கும்.

கைப்பலக் கணக்கில் இந்த வழிக்கு இணை இல்லை. ஈரல் கொடுப்பதற்கு மணிக்கட்டில் பலம் வேண்டாம். உண்மையில் வயதானவர்கள் இதை இளைஞர்களைவிட நன்றாகச் செய்கிறார்கள். அவர்களுக்கு அவசரம் இல்லை.

குறை இல்லையா என்றால், உண்டு. தெருநாய் எதிரே வந்து நின்றால், பயத்திலோ ஆவேசத்திலோ இருக்கும் நாய் ஈரலைக்கூட முகர்ந்து பார்க்காது. அந்த நேரத்துக்கு ஒரு பிடிமானம் வேண்டும். அதற்குத்தான் பாடி பெல்ட்.

பாடி பெல்ட்டில் வளையம் எங்கே இருக்கிறது?

கடையில் அதிகம் தொங்குவது முதுகில் வளையம் உள்ள பாடி பெல்ட். இழுக்கும் நாய்க்கு அதை மாட்டுவது மாட்டுக்கு நுகத்தடி வைப்பது மாதிரி. கழுத்தில் வலி இல்லாமல், நெஞ்சின் முழு பலத்தையும் கொடுத்து இழுக்கலாம். பனிநாட்டில் வண்டி இழுக்கும் நாய்களுக்குக் கட்டுவதும் இதே முறைதான். "பாடி பெல்ட் மாட்டுன பிறகு இன்னும் அதிகமா இழுக்குது" என்று புலம்புகிறவர்கள் வாங்கியது இதைத்தான்.

கேட்டு வாங்க வேண்டியது, நெஞ்சின் நடுவில் வளையம் உள்ளது. அதில் கயிறை மாட்டினால், நாய் முன்னால் இழுக்கும்போது அதன் உடம்பு பக்கவாட்டில் நம்மை நோக்கித் திரும்பிவிடும். இழுப்பின் பலம் பாதியிலேயே உடைந்துபோகிறது. மாட்டிய அன்றே வித்தியாசம் தெரியும், வலியும் இல்லை. மாமியாரும் பையனும் பெரிய நாயைப் பிடிப்பதற்கு இதைவிடப் பாதுகாப்பான கருவி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இது பழக்காது, தாங்கிப் பிடிக்கும். தீனியோ நிற்பதோ கூடவே இல்லாவிட்டால், சில வாரங்களில் நாய் பக்கவாட்டாக இழுக்கவும் கற்றுக்கொள்ளும். அளவு சரியில்லாவிட்டால் அக்குளில் உராய்ந்து புண்ணாகும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவை அளவு நாடாவால் எடுத்துக்கொண்டு போங்கள். மாட்டிய பிறகு எந்தப் பட்டைக்கு அடியிலும் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று நுழையக் கூடாது. தோள்மூட்டுக்குக் குறுக்கே பட்டை போகிற மாடலைவிட, ஒய் எழுத்து வடிவில் கழுத்தடியிலிருந்து நெஞ்சுக்கு இறங்குகிற மாடல் கால் வீச்சைக் கெடுக்காது. வளர்கிற குட்டிதானே என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினால், பயந்த நேரத்தில் பின்னோக்கி உருவிக்கொண்டு ஓடிவிடும்.

சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களை வளர்ப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பு. ஆழ்ந்த நெஞ்சு, ஒட்டிய வயிறு, கழுத்தைவிடப் பெரிதாக இல்லாத தலை; எந்தப் பெல்ட்டிலிருந்தும் வழுக்கி வெளியே வந்துவிடும் உடல்வாகு. அவற்றுக்கு மார்ட்டிங்கேல் என்று ஒரு கழுத்துப் பட்டை உண்டு. அகலமான துணிப்பட்டை, இழுத்தால் கழுத்தளவு வரை மட்டும் இறுகி நின்றுவிடும், நெரிக்காது. அதையும் பாடி பெல்ட்டையும் சேர்த்து மாட்டி, இரண்டையும் ஒரே கயிற்றில் கோத்துக்கொள்வது நல்லது. முயலைத் துரத்தப் பிறந்த இனம். வயல் ஓரத்தில் ஒன்று ஓடினால் தீனியும் தெரியாது, நீங்களும் தெரியமாட்டீர்கள்.

மூக்கைச் சுற்றி மாட்டும் தலைப்பட்டையும் கிடைக்கிறது. மிகப் பலமான நாயைச் சின்ன உடம்புக்காரர் பிடிக்க உதவும். நாய்க்கு அது பிடிப்பதற்குப் பல நாள் தீனி கொடுத்துப் பழக்க வேண்டும், சட்டென்று இழுத்தால் கழுத்து திருகிக்கொள்ளும். பார்ப்பவர்கள் அதை வாய்க்கூடு என்று நினைத்து, "கடிக்குமாண்ணா?" என்று ஒதுங்கிப் போவார்கள். நான் சிபாரிசு செய்வதில்லை.

பட்டனை அமுக்கினால் நீளும் கயிறு வேண்டவே வேண்டாம். அது எப்போதும் லேசாக விறைத்தே இருக்கும். இழுத்தால் நீளம் கிடைக்கும் என்பதைத்தான் அது கற்றுக்கொடுக்கிறது. இரும்புச் சங்கிலியும் கைக்கு ஆகாது. ஆறடி நீள நைலான் பட்டையோ பருத்திக் கயிறோ போதும். மைதானத்தில் பழக்க நீளக் கயிறு வேண்டுமென்றால் போச்சம்பள்ளி சந்தை மாதிரி வாரச் சந்தைகளில் மாட்டுக் கயிறு விற்பவரிடம் மெல்லிய பருத்திக் கயிறாகப் பார்த்து வாங்கி, நல்ல கொக்கி ஒன்று கட்டிக்கொள்ளலாம். நீளக் கயிறைப் பாடி பெல்ட்டின் முதுகு வளையத்தில் மட்டும் மாட்டுங்கள். கழுத்தில் மாட்டினால் ஓடிவந்து முடியும் இடத்தில் கழுத்து முறிய வாய்ப்புண்டு.

ஆள் வைத்துப் பழக்குவது

ஓசூரிலும் பெங்களூருவிலும் இருந்து வீட்டுக்கே வந்து பழக்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நாயைத் தங்கள் இடத்துக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு பழக்குகிறவர்களும் உண்டு. இரண்டாவது எனக்கு உடன்பாடில்லை. அங்கே அந்த ஆளின் கையில் நடக்கப் பழகும். வீட்டுக்கு வந்ததும் நம் கை பழைய கைதான். நாம் பார்க்காத இடத்தில் எப்படிப் பழக்கினார்கள் என்பதும் நமக்குத் தெரியாது.

வீட்டுக்கு வருகிறவரிடம், நாய் சரியாகச் செய்தால் என்ன கொடுப்பீர்கள், தப்பாகச் செய்தால் என்ன செய்வீர்கள் என்று முதலிலேயே கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு "கொஞ்சம் டைட் பண்ணுவோம்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். கயிறை அவர் பிடிக்கும் நேரத்தைவிட வீட்டில் உள்ளவர்கள் பிடிக்கும் நேரம் அதிகமாக இருந்தால் அந்தப் பணம் வீணாகாது. ஆள் வைப்பது கட்டாயம் என்று நான் சொல்வது ஒரே நிலையில்தான்: நாய் மனிதர்களையோ மற்ற நாய்களையோ பார்த்துப் பாய்கிறது, கடிக்கப் போகிறது என்றால். திடீரென்று நடக்கவே மறுத்தாலோ, பெல்ட் போட்டதும் சிணுங்கினாலோ முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்; அது வலியாக இருக்கலாம்.

எங்கே தொடங்குவது

எந்த வழியை எடுத்தாலும் தெருவில் தொடங்கினால் தோற்கும். ஹாலில், அப்புறம் மாடியில், அப்புறம் கேட்டுக்கு உள்ளே, அப்புறம் வீட்டு வாசலில் பத்தடி. குட்டிக்குத் தடுப்பூசிகள் முடியும்வரை எப்படியும் வெளியே விட முடியாது; அந்த நாட்களை மாடியில் நடை பழக்கப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இழுக்கவே தெரியாத குட்டிக்கு நல்ல பழக்கத்தைச் சொல்லிக்கொடுப்பது மிகச் சுலபம்.

தெருவுக்கு வரும்போது நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். மார்ச் முதல் மே வரை தர்மபுரி, கிருஷ்ணகிரி தார் ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு மேல் நாயின் பாதம் தாங்காது. புறங்கையை ரோட்டில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதனாலும் முடியாது. சுடும் தரையிலிருந்து தப்பிக்க ஓடுகிற நாயைப் பார்த்து இழுக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்போம். ஓசூர் உயரமான இடம் என்பதால் கொஞ்சம் தாராளம் உண்டு. மாம்பழ சீசனில் மண்டிப் பக்கமும் கூழ் தொழிற்சாலைப் பக்கமும் போகும் வழியைத் தவிர்த்துவிடுங்கள். ரோட்டில் கிடக்கும் மாங்கொட்டையை நாய் அப்படியே விழுங்கினால் குடலில் அடைத்து ஆபரேஷன் வரை போகும்.

தெருநாய்கள்தான் நம் ஊர்ப் பயிற்சியில் மிகக் கடினமான பகுதி. ஒவ்வொரு முக்குக்கும் ஒரு கூட்டம். எதிரே பார்த்ததும் நாம் செய்வது கயிறை இறுக்கிப் பிடிப்பது. கயிறு இறுகினால் நம் நாய் நிமிர்ந்து முன்னால் சாய்ந்து நிற்கும். எதிரே உள்ள நாய்க்கு அது சண்டைக்கு வருவது போலத் தெரியும். தூரத்தில் இருக்கும்போதே, நம் நாய் தீனி வாங்கிக்கொள்ளும் நிலையில் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். "வா, போலாம்" என்று சொல்லித் திரும்புவதை ஆள் இல்லாத இடத்தில் விளையாட்டாகவே பழக்கி வைத்திருந்தால் இந்த நேரத்தில் கைகொடுக்கும். கிட்டே வந்துவிட்டால், நம் நாயைப் பின்னால் விட்டு நீங்கள் நடுவில் நின்று, கைநிறையத் தீனியை எதிர் நாய்களின் பக்கம் தூவிவிட்டு நிதானமாக விலகுங்கள். ஓடவோ கத்தவோ வேண்டாம். கம்பு எடுத்துப் போகிறவர்கள் உண்டு. அதை ஓங்கினால் சொந்த நாயும் சேர்ந்து பயப்படுகிறது. குடை நல்லது, சட்டென்று விரித்தால் தெருநாய்கள் தயங்கி நிற்கும். வீட்டில் விரித்துக் காட்டித் தீனி கொடுத்து நம் நாய்க்கு அதை முன்பே பழக்கிவிடுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தள்ளிப்போடாமல் வருடாவருடம் போட்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ராகி அறுவடைக் காலத்தில் யானைகள் வயலுக்கு வருகிற ஊர்கள் அவை. இருட்டோடு நாயைக் கூட்டிப் போகாதீர்கள். யானையைப் பார்த்துக் குரைத்துவிட்டு நாய் ஓடிவருவது உங்களிடம்தான். பயிற்சியை நன்றாக விடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, எந்த வீட்டுக்கு எது?

பெரிய நாய், கயிறு பிடிக்கப் பல கைகள், அதில் ஒன்று வயதான கை என்றால், நெஞ்சு வளையப் பாடி பெல்ட்டும் தீனியும். கயிறு விறைத்தால் நிற்பதை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் நான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்வது. ஒரே ஆள் பிடிக்கிற வீடு, பொறுமையும் மைதானமும் இருக்கிறது, நடுத்தர அளவு நாட்டு நாய் என்றால் சாதாரணக் கழுத்துப் பெல்ட், தீனி, திரும்பி நடப்பது போதும், செலவே இல்லை. நாட்டு நாய்கள் இதை வியக்கத்தக்க வேகத்தில் பிடித்துக்கொள்கின்றன. பக், ஷிட்ஸு, பொமரேனியன் என்றால் கழுத்தில் எதுவும் மாட்டாமல் பாடி பெல்ட் மட்டும். அவை இழுப்பதில் பலம் குறைவு என்பதால் முதுகு வளையமே போதும். சிப்பிப்பாறைக்குச் சொன்னது மேலேயே இருக்கிறது.

எதை எடுத்தாலும் வீட்டில் எல்லோரும் அதையே செய்ய வேண்டும். அம்மா நின்று நின்று பழக்கியதை, ஞாயிற்றுக்கிழமை அப்பா ஜாலியாக ஓடவிட்டுக் கலைத்துவிட்டால் நாய்க்குக் குழப்பம். வீட்டில் தெலுங்கு பேசினாலும் கன்னடம் பேசினாலும், நாய்க்குச் சொல்லும் சொல் எல்லோர் வாயிலும் ஒன்றாகவே இருக்கட்டும்.

நடை நன்றாகப் பழகிய பிறகு பாடி பெல்ட்டைச் சட்டென்று கழற்றிவிடாதீர்கள். இரண்டு முனையிலும் கொக்கி உள்ள கயிறு வாங்கி, ஒன்றை நெஞ்சு வளையத்திலும் மற்றதைக் கழுத்துப் பெல்ட்டிலும் மாட்டி, கழுத்துப் பக்கக் கயிறைத் தொய்வாகப் பிடித்துக் கொஞ்ச நாள் நடங்கள். நெஞ்சுக் கயிறு தேவைப்படாத நாட்கள் தொடர்ந்து வந்தால் அதை எடுத்துவிடலாம். ஐப்பசி மழையில் நாலைந்து நாள் வெளியே போகாமல் இருந்துவிட்டுக் கிளம்பினால் இழுப்பு கொஞ்சம் திரும்பி வரும். அன்றைக்கு மறுபடி பாடி பெல்ட்டை மாட்டி, மாடியில் ஐந்து நிமிடம் பழைய பாடத்தை நடத்திவிட்டு, பையில் ஈரலோடு கீழே இறங்குங்கள்.